ஷவர் பகுதியில் ஈரம்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் வழிமுறை

குளியலறை மூலையில் கறுப்புக் கோடு படரும்போதும், கீழ்வீட்டார் கதவைத் தட்டித் தங்கள் கூரையில் நீர்க்கறை தெரிவதாகச் சொல்லும்போதும், நம்மில் பலர் முதலில் செய்வது ஹார்ட்வேர் கடைக்குச் சென்று ஒரு சிலிகோன் குழல் வாங்கி வருவதுதான். அந்தக் குழல் தேவைப்படலாம். ஆனால் எந்த இடத்தை அடைப்பது என்பதைவிட எந்த இடத்தை அடைக்காமல் விடுவது என்பதைத் தீர்மானிப்பதே இந்த வேலையில் கடினமானது. நீர் உள்ளே புகும் வழியை விட்டுவிட்டு அது வெளியேறும் வழியை அடைத்தால், ஈரம் சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் தங்கி, சிறியதாக இருந்தபோதே தெரிந்திருக்க வேண்டிய கோளாறு பெரிதான பிறகுதான் வெளியே தெரியும்.

இந்த வழிமுறை சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளையும் கூட்டுரிமை (கொண்டோமினியம்) வீடுகளையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. அறிகுறிகள் தனித்தனித் தலைப்புகளில் உள்ளன. உங்கள் வீட்டில் காணும் அறிகுறியை நேரடியாகப் படிக்கலாம். எனினும் அடுத்து வரும் தரை அமைப்பு பற்றிய பகுதியைத் தாண்டிச் செல்ல வேண்டாம், ஏனெனில் மற்ற எல்லாப் பகுதிகளும் அதையே சார்ந்துள்ளன.

தரைக்கு அடியில் என்ன இருக்கிறது

குளியலறைத் தரையின் அடியில் கான்கிரீட் தளம் உள்ளது. அதன்மேல் நீர்த்தடுப்புப் படலம், அதற்கும் மேல் சிமெண்டுச் சாந்து, அதன்மேல் டைல்கள், டைல்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளை நிரப்பும் கிரௌட் என்று அடுக்குகள் அமைகின்றன. பலரும் நீரைத் தடுப்பது டைலும் கிரௌட்டும் என்று நினைக்கிறார்கள். சாதாரண சிமெண்டு கிரௌட்டில் நுண்துளைகள் உண்டு. அன்றாடம் குளிக்கும்போது அதன் வழியாகச் சிறிதளவு நீர் இறங்கவே செய்யும். இறங்கிய நீரைச் சாந்து பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வீட்டைக் காப்பது அதற்கும் கீழே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் படலம்தான். அந்தப் படலம் தரையில் மட்டும் இருந்தால் போதாது. சுவரோரமாகவும் மேலேற வேண்டும். பொதுவான சுவர்களில் 300 மில்லிமீட்டர் உயரமும், ஷவர் நீர் நேராக அடிக்கும் சுவர்களில் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயரமும் இருப்பது நல்ல கட்டுமான வழக்கம்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. டைல்மீது எதைப் பூசினாலும் அது படலத்துக்கு ஈடாகாது என்பது ஒன்று. படலம் அறுபடக்கூடிய இடங்களான தரை வடிகாலின் விளிம்பு, தரையைத் துளைத்துச் செல்லும் குழாயின் கழுத்து, சுவரும் தரையும் சேரும் மூலை, கதவு நிலையின் அடி ஆகியவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது மற்றொன்று. பரந்த தரையின் நடுவில் கசிவு தொடங்குவது அரிது.

அறிகுறி: சிலிகோன் கோட்டில் கறுப்பு, தேய்த்தாலும் திரும்ப வருகிறது

முதலில் கறுப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விரல் நகத்தால் சுரண்டும்போது கறுப்பு பெயர்ந்து வந்தால், அது சோப்புப் படிவின்மேல் வளர்ந்த பூஞ்சணம். குளோரின் சார்ந்த வெளுப்பானைத் தோய்த்த மெல்லிய தாளைச் சில மணி நேரம் அதன்மேல் ஒட்டி வைத்துப் பிறகு கழுவினால் போய்விடும். வெளுப்பானைப் பயன்படுத்தும் நாளில், கழிப்பறைக் கறை நீக்கும் அமில வகைத் திரவத்தை அதே இடத்தில் ஊற்றவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளியாகும். சன்னல் இல்லாத குளியலறையில் இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

சுரண்டியும் வராமல், கறுப்பு சிலிகோனுக்கு உள்ளிருந்து தெரிவது போலத் தோன்றினால், பூஞ்சணம் அதன் பின்புறத்தில் வளர்கிறது என்று பொருள். அதாவது சிலிகோன் டைலை விட்டுப் பிரிந்துவிட்டது. பின்னால் நீர் தங்குகிறது. இந்த நிலையில் எவ்வளவு தேய்த்தாலும் பயன் இல்லை. பழைய சிலிகோனின் மேலேயே புதியதைப் பூசுவது இன்னும் தவறு, ஏனெனில் உலர்ந்த சிலிகோன்மீது புதிய சிலிகோன் சரியாகப் பிடிக்காது. பழையதை முழுவதும் அகற்றிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும்.

அகற்றும் வேலையில் அவசரம் கூடாது. கூர்மையான கத்தியால் டைலை ஒட்டி மேலும் கீழுமாக இரண்டு வெட்டுகள் வெட்டினால் நடுப்பகுதி நீளமாக இழுபட்டு வரும். எஞ்சிய மெல்லிய படிவை பிளாஸ்டிக் சுரண்டியாலும், அதற்கென விற்கப்படும் சிலிகோன் நீக்கியாலும் எடுக்க வேண்டும். மூலையில் சிலிகோனுக்குப் பதிலாகக் கடினமான கிரௌட் போடப்பட்டிருந்தால் அதையும் தோண்டி எடுக்க வேண்டும். சுவரும் தரையும் தனித்தனியாக மிக நுண்ணிய அளவில் அசைபவை. அவை சேரும் இடத்தில் போட்ட கிரௌட் வெடிக்காமல் இருந்தால்தான் வியப்பு.

அடுத்தது உலர வைத்தல். இங்குதான் சிங்கப்பூரின் தட்பவெப்பம் குறுக்கே நிற்கிறது. நம் ஊரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் அது 90ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில்தான் 60ஐ ஒட்டி இறங்கும். ஆகவே இரவு குளித்து முடித்துக் காலையில் சிலிகோன் போடலாம் என்று திட்டமிடுவது சரிவராது. குறைந்தது ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள், அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் மின்விசிறி ஓட விட்டு, பிற்பகலில் வேலையைத் தொடங்குவது நல்லது. வீட்டில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இருந்தால் கதவை மூடி அதை உள்ளே ஓட விடலாம். இடைவெளியின் ஆழத்தில் மடித்த தாளை நுழைத்து எடுத்துப் பார்த்தால் ஈரம் மிச்சமிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

எந்த சிலிகோனை வாங்குவது என்பதும் முக்கியம். பூசும்போது வினிகர் வாடை வீசும் வகை அசிட்டிக் அமிலத்தை வெளியிட்டு இறுகுவது. கண்ணாடிக்கும் பளபளப்பான டைலுக்கும் அது நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு. ஆனால் பளிங்கு போன்ற சுண்ணாம்புக் கற்களை அரிக்கும்; முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சையும் சில உலோகங்களையும் கெடுக்கும். அங்கெல்லாம் நடுநிலை வகை என்று குறிக்கப்பட்டதையே வாங்க வேண்டும். இயற்கைக் கல்லாக இருந்தால் கல்லுக்கென்றே தயாரிக்கப்பட்டதைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஓரத்தில் எண்ணெய் இறங்கியது போன்ற கறை படரும். குழலில் பூஞ்சணத் தடுப்புச் சேர்க்கப்பட்டிருப்பதாக எழுதியிருந்தாலும் அது காலப்போக்கில் கரைந்து போகக்கூடியதே.

இடைவெளியின் இரு ஓரங்களிலும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொண்டு துடைத்து, மறைப்பு நாடா ஒட்டி, இடைவெளி ஆழமாக இருந்தால் நுரைக் கயிறு ஒன்றை உள்ளே நுழைத்துவிட்டு, இழுபடாமல் ஒரே சீராக சிலிகோனை நிரப்ப வேண்டும். நுரைக் கயிற்றைப் பலர் வீண் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். அது இருந்தால்தான் சிலிகோன் இரு பக்கங்களில் மட்டும் பிடித்துக்கொண்டு, அசைவுக்கு ஏற்ப ரப்பராக நீண்டு சுருங்கும். அடியிலும் பிடித்துக்கொண்டால் மூன்று பக்கமும் இழுபட்டுக் கிழியும். மேற்பரப்பை வழித்துச் சமன்படுத்திய உடனே, மேல்தோல் இறுகுவதற்கு முன்பே, நாடாவை உரித்துவிட வேண்டும். சிலிகோன் காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டு வெளியிலிருந்து உள்ளாக, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் வரை இறுகுகிறது. தொட்டுப் பார்க்கும்போது உலர்ந்ததாகத் தோன்றுவது தோல் மட்டுமே. தடிமனான கோடு என்றால் இரண்டு மூன்று நாள் நீர் படாமல் காப்பது அவசியம். வீட்டில் இரண்டு குளியலறைகள் இருந்தால் ஒன்றை முடித்த பிறகே மற்றொன்றைத் தொட வேண்டும்.

அறிகுறி: கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நீர் தேங்குகிறது

குளித்த உடனே நீர் வெளியே தெரிந்தால் அது கதவின் அடி ரப்பர், கதவின் இடைவெளி, தரைச் சரிவு ஆகியவற்றில் ஒன்றால் வருவது. அடி ரப்பரின் உதடு உட்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டிவிட்டால் அதுவே நீரை வெளியே வழிநடத்தும். ஷவர் பகுதியின் எல்லையிலுள்ள சிறு திண்டின் மேற்பரப்பு ஷவர் பக்கமாகச் சரிந்திருக்கிறதா என்பதை ஒரு கோலிக்குண்டை வைத்தே சோதித்துவிடலாம். வெளிப்பக்கம் சரிந்திருந்தால் எந்த ரப்பரும் அதை ஈடுகட்டாது. திண்டின் மேற்கல்லை எடுத்து மறுபடி பதிக்க வேண்டியிருக்கும்.

குளித்துச் சில மணி நேரம் கழித்து, அலுமினியச் சட்டத்தின் அடியிலிருந்து நீர் கசிந்தால் கதை வேறு. சட்டத்தின் பள்ளத்துக்குள் நீர் புகுவதைத் தவிர்க்கவே முடியாது. புகுந்த நீர் ஷவர் பக்கமாகத் திரும்பி வடிவதற்கு வழி இருக்க வேண்டும். அதனால்தான் சட்டமுள்ள தடுப்புகளில் வெளிப்பக்கத்தை மட்டும் சிலிகோன் கொண்டு மூடி, உட்பக்கத்தைத் திறந்தே விடுவது வழக்கம். வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில் உட்பக்கத்தையும் மூடிவிடும்போது பள்ளம் ஒரு தொட்டியாக மாறி, பலவீனமான இடம் பார்த்து நீர் வெளியே வருகிறது. உட்பக்கச் சிலிகோனை அகற்றிப் பார்ப்பதே இங்கு முதல் சோதனை. சட்டம் இல்லாமல் கண்ணாடியே நேராகக் கல்லில் பதிந்திருந்தால் இந்த விதி பொருந்தாது. அங்கே இரு பக்கமும் மூடலாம்.

இதே நியாயம் சுவரிலுள்ள நீர்க்கலப்பானின் வட்டத் தகட்டுக்கும் பொருந்தும். தகட்டின் மேற்புறத்தையும் இரு பக்கங்களையும் அடைத்து, அடிப்புறத்தில் சிறு இடைவெளி விட வேண்டும். பின்னாலுள்ள இணைப்பு என்றாவது கசியத் தொடங்கினால் அந்த இடைவெளி வழியாக நீர் வெளியே வந்து உங்களுக்குத் தெரிவிக்கும். முழுவட்டமாக மூடிய தகட்டுக்குப் பின்னால் கசியும் நீர் அடுத்த அறையின் சுவரில்தான் தெரியவரும்.

அறிகுறி: அடுத்த அறையின் சுவரில் பெயிண்ட் கொப்பளிக்கிறது, கதவு நிலை அடியில் ஊறுகிறது

கதவு நிலையின் அடியில் மட்டும் ஊறல் இருந்தால் பெரும்பாலும் அது தரைச்சாந்தில் தேங்கிய நீர் பக்கவாட்டில் நகர்ந்து மரத்தைத் தொடுவதால் ஏற்படுவது. வாசல் கல்லுக்கு அடியில் படலம் மேலேறாமல் விடப்பட்டிருந்தால் இப்படி ஆகும். மர நிலையின் அடிப்பகுதியை வெட்டிவிட்டுக் கல் பதிப்பதும், அலுமினிய நிலைக்கு மாறுவதும் அறிகுறியை மறைக்குமே தவிர, நீரின் நகர்வை நிறுத்தாது.

சுவரில் கொப்பளம் என்றால் இரண்டு சந்தேகங்கள்: சுவருக்குள் பதிந்த குழாய் கசிகிறது, அல்லது ஷவர் நீர் டைல் இடுக்குகள் வழியாகப் புகுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிது. வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, வாசலுக்கு வெளியே உள்ள தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். கழிப்பறைத் தொட்டி நிரம்பும் வரை பொறுத்திருந்து பார்த்தும் சிறு சக்கரம் நகர்ந்துகொண்டே இருந்தால் அழுத்தத்தோடு நீர் வரும் குழாயில்தான் (அழுத்தக் குழாயில்தான்) கசிவு. அப்போது டைலைத் தொடாமல் பொதுப் பயனீட்டுக் கழக உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அழைக்க வேண்டும். தண்ணீர்ச் சூடேற்றிக்குச் செல்லும் வால்வை மூடியதும் சக்கரம் நின்றுவிட்டால் கோளாறு வெந்நீர்ப் பாதையில் இருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். தேடும் வேலை பாதியாகக் குறையும்.

மீட்டர் அசையாவிட்டால் டைல் இடுக்குகளைக் கவனியுங்கள். சோப்புத் தட்டையும் துண்டுக் கம்பியையும் மாட்டத் துளைத்த ஓட்டைகளை நான் முதலில் பார்ப்பேன். துளைக்குள் சிலிகோன் நிரப்பிவிட்டு அதன் பிறகு திருகைச் செலுத்தும் வழக்கம் நம் குத்தகையாளர்களிடம் குறைவு. ஒவ்வொரு திருகும் படலத்தில் ஒரு துளை. ஷவர் நேராக அடிக்கும் சுவரில் அது போதுமான வழி.

தொழிற்சாலையில் முழுமையாகச் செய்து பாரந்தூக்கியால் இறக்கி வைக்கப்படும் குளியலறைக் கூறுகள் புதிய அடுக்குமாடிகளில் பரவலாகிவிட்டன. அவற்றின் சுவர்கள் மெல்லிய பலகைகளாக இருக்கக்கூடும் என்பதால், துளைப்பதற்கு முன் வீட்டு ஒப்படைப்பின்போது தரப்பட்ட கையேட்டைப் பார்ப்பது கட்டாயம். கூடுமானவரை ஒட்டும் வகைத் தாங்கிகளே அங்கு உகந்தவை.

அறிகுறி: டைல் தட்டினால் வெற்றொலி கேட்கிறது, இடுக்கில் வெண்பொடி பூக்கிறது

வெண்பொடி, சிமெண்டிலுள்ள சுண்ணாம்பு நீரில் கரைந்து மேற்பரப்பில் படிவதால் உண்டாவது. துடைத்தால் போகும், திரும்பவும் வரும். அதைவிட அது சொல்லும் செய்தி முக்கியம்: அடியிலுள்ள சாந்து எப்போதும் ஈரமாக இருக்கிறது. தரைச் சரிவு போதாமல் நீர் தேங்குகிறதா, தரை வடிகாலின் வாய் முடியாலும் சோப்பாலும் அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெற்றொலி மட்டும் கேட்டு, இடுக்குகள் முழுமையாக இருந்தால் அவசரம் இல்லை. வெற்றொலியுடன் கிரௌட்டும் உதிர்ந்திருந்தால், உதிர்ந்த இடங்களைத் தோண்டி எபாக்சி கிரௌட் நிரப்புவது ஓரளவு பயன் தரும். அது நீரை உறிஞ்சாது.

அறிகுறி: கீழ்வீட்டுக் கூரையில் கறை அல்லது சொட்டு

இதில் பொறுமையும் அண்டைவீட்டாரின் ஒத்துழைப்பும் வேண்டும். முதல் வேலை, கறை எப்போது ஈரமாகிறது என்பதைக் கீழ்வீட்டார் சில நாள் குறித்து வைப்பது. நாள் முழுவதும் நிற்காமல் சொட்டினால் அழுத்தக் குழாய்; மேலே சொன்ன மீட்டர் சோதனையைச் செய்யுங்கள். யாராவது குளித்த சிறிது நேரத்தில் சொட்டி, பிறகு நின்றுவிட்டால் கழிவுநீர்க் குழாய் இணைப்பு அல்லது தரை வடிகாலின் கழுத்து. எப்போதும் லேசான ஈரமாகவே இருந்து, வீட்டார் வெளிநாடு சென்ற நாள்களில் மெதுவாகக் காய்ந்தால் படலம் பழுதாகிச் சாந்தில் ஊறிய நீர் இறங்குகிறது என்று கொள்ளலாம்.

அதற்குப் பின் சோதனைகளைக் கீழ்க்காணும் வரிசையில் செய்ய வேண்டும். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையில் கறை உலர நேரம் விடாவிட்டால் முடிவு குழப்பமாகும். முதலில் ஒரு வாளி நீரைத் தரையை நனைக்காமல் நேராக வடிகாலுக்குள் ஊற்றுங்கள். உணவுக்குச் சேர்க்கும் வண்ணத்தைக் கலந்து ஊற்றினால் கீழே அது தெரிகிறதா என்று பார்க்கலாம். கீழே மாற்றம் இல்லையென்றால் வடிகாலை இறுக அடைத்து, வாசல் கல்லைத் தாண்டாத அளவுக்கு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் உயரம் நீர் தேக்கி 24 மணி நேரம் விட வேண்டும். இதில் கசிந்தால் தரைப் படலம் பழுது. இதிலும் கசியாவிட்டால் நீரை வடித்து, ஒரு நாள் கழித்து, சுவர்களில் மட்டும் கைப்பிடி ஷவரால் நீர் அடித்துப் பாருங்கள். அப்போது கசிந்தால் கோளாறு சுவரில். ஏற்கெனவே கீழே தாரையாக ஒழுகும் வீட்டிலும், கூரை விளக்கைச் சுற்றி ஈரம் உள்ள வீட்டிலும் நீர் தேக்கும் சோதனையைச் செய்யக் கூடாது. விளக்கின் சுற்றிணைப்பை மின்பெட்டியில் துண்டித்துவிட்டு, மின்பணியாளரையும் குழாய்ப் பணியாளரையும் அழைப்பதே முதல் வேலை.

பழுது வடிகாலின் கழுத்தில் என்றால் அந்த வட்டாரத்தை மட்டும் உடைத்துச் சரிசெய்ய முடியும். படலமே போய்விட்டது என்றால் இரண்டு வழிகள் முன்வைக்கப்படும். ஒன்று, உடைக்காமல் டைல்மீது ஊடுருவும் திரவத்தைப் பூசுவது, அல்லது கீழ்வீட்டுக் கூரையிலிருந்து பாலியூரித்தேனை ஊசி வழியாகச் செலுத்துவது. மற்றொன்று, டைலையும் சாந்தையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் படலம் இடுவது. முதல் வழி ஒரு நாளில் முடிந்துவிடும், தூசி இல்லை, வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு வசதி. கிரௌட் இடுக்குகள் மட்டும் பழுதான இடத்தில் அது ஓரளவு நீடிக்கவும் செய்யும். ஆனால் படலம் குழாயோரம் கிழிந்த இடத்தில் அது தற்காலிகமே என்பது என் கருத்து. கீழிருந்து செலுத்தும் ஊசிமருந்து கான்கிரீட்டின் விரிசலை அடைக்கிறது. மேலே சாந்து ஊறிக்கொண்டேதான் இருக்கும், நீர் பக்கத்து விரிசலைத் தேடிப் போகும்.

உடைக்க முடிவு செய்தால் விதிகளை அறிந்திருக்க வேண்டும். வீவக வீட்டில் குளியலறைத் தரையை மாற்ற முன் அனுமதியும், வீவகவிடம் பதிவு பெற்ற புதுப்பிப்புக் குத்தகையாளரும் தேவை. புதிய புளோக் கட்டி முடிந்து 3 ஆண்டுகள் ஆகும் வரை குளியலறையின் தரை, சுவர் டைல்களை அகற்ற அனுமதி இல்லை. தொடக்கத்தில் இடப்பட்ட படலத்தைக் காப்பதே நோக்கம். டைல் உடைப்பது போன்ற இரைச்சல் மிகுந்த வேலைகளை வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரைதான் செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கூடாது. புதிய படலம் இட்ட பிறகு டைல் பதிப்பதற்கு முன்பே 24 மணி நேர நீர்த்தேக்கச் சோதனையைச் செய்து, கீழ்வீட்டாரையும் அழைத்துக் காட்டுமாறு குத்தகையாளரிடம் கேளுங்கள். கால அட்டவணையில் ஒரு நாளை மிச்சப்படுத்துவதற்காக இந்தச் சோதனையைத் தவிர்க்க விரும்பும் குத்தகையாளருக்கு அந்த வேலையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

செலவு யாருடையது என்ற கேள்வியில்தான் அண்டைவீட்டார் உறவு கெடுகிறது. வீவக வீடுகளில் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்து காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் பொறுப்பை ஏற்க வேண்டும். தகுதிபெறும் நேர்வுகளில் வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தின்கீழ் செலவில் பாதியை வீவக ஏற்கிறது. மீதி இரு வீட்டாருக்கும் சமமாகப் பிரியும். புதிய வீடாக இருந்தால், கூரைக் கசிவுக்கு வீவக தரும் 5 ஆண்டு உத்தரவாதம் இன்னும் நடப்பில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். கூட்டுரிமை வீடுகளுக்குச் சட்டம் வேறு: 2004ஆம் ஆண்டுக் கட்டடப் பராமரிப்பு, அடுக்குரிமை நிர்வாகச் சட்டத்தின்படி, மாறான சான்று இல்லாதவரை கீழ்வீட்டுக் கூரையின் நீர்க்கசிவுக்கான குறை மேல்வீட்டில் இருப்பதாகவே கருதப்படும். எனவே அங்கே சோதனை முடிவுகளைப் படங்களுடன் பதிவுசெய்து வைப்பது மேல்வீட்டாருக்குத்தான் கூடுதல் பயன்.

கறையோடு கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியத் தொடங்கியிருந்தால், அதன்மேல் பெயிண்ட் அடித்து மறைக்க வேண்டாம். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டே போகும். கசிவை நிறுத்திய பிறகு கூரையையும் சீரமைக்க வேண்டும்.

அறிகுறி: ஃபால்ஸ் சீலிங்கிலிருந்து சொட்டு

மேல்வீட்டாரிடம் போவதற்கு முன் சோதனைப் பலகையைத் திறந்து கைவிளக்கால் பாருங்கள். பல வீடுகளில் வெந்நீர்த் தொட்டி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. அதன் அழுத்த வால்வு சொட்டலாம், தொட்டியே துருப்பிடித்துக் கசியலாம். குளிர்சாதனக் குழாய் அவ்வழியாகச் சென்றால் அதன் காப்புறை கிழிந்த இடத்தில் காற்றின் ஈரம் படிந்து துளியாகும். குளிர்சாதனம் ஓடும் இரவுகளில் மட்டும் சொட்டினால் காரணம் இதுதான். பல வீடுகளுக்கும் பொதுவான செங்குத்துக் கழிவுக் குழாயில் ஈரம் தெரிந்தால் வீவக வீட்டார் நகர மன்றத்துக்கும், கூட்டுரிமை வீட்டார் நிர்வாக அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

அறிகுறி: எங்கும் கசிவில்லை, ஆனாலும் சுவரும் கூரையும் வியர்க்கின்றன

பல சோதனைகளுக்குப் பிறகும் எதுவும் அகப்படாத வீடுகளில் காரணம் பெரும்பாலும் காற்றுதான். சிங்கப்பூரின் வெளிக்காற்று 24 பாகை செல்சியசை ஒட்டிய குளிர்ந்த பரப்பில் பட்டாலே நீர்த்துளியாகக்கூடியது. வெந்நீரில் குளித்த பிறகு குளியலறைக் காற்று அதைவிடவும் ஈரமானது. பக்கத்துப் படுக்கையறையில் இரவெல்லாம் குளிர்சாதனம் 22 பாகையில் ஓடினால் பொதுச் சுவரின் குளியலறைப் பக்கமும் குளிர்ந்து, விடியற்காலையில் அங்கே ஈரம் படிகிறது. அந்தச் சுவரில் மட்டும் பூஞ்சணம் தெரிவது இதற்கு அடையாளம். குளிர்சாதனத்தின் வெப்பநிலையை 25க்கு உயர்த்தி ஒரு வாரம் பார்த்தால் வேறுபாடு தெரியும். குளிரூட்டும் காற்று நேராக அந்தச் சுவரில் அடிக்குமாறு இருந்தால் துடுப்புகளைத் திருப்பி வையுங்கள்.

சன்னல் இல்லாத குளியலறையில் காற்றை வெளியேற்றும் விசிறி வேலை செய்கிறதா என்பதை, அதன் வலையில் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் ஒட்டாவிட்டால் தூசி அடைத்திருக்கலாம். ஒட்டியும் ஈரம் குறையவில்லை என்றால் இரண்டைச் சரிபார்க்க வேண்டும்: விசிறியின் குழாய் வெளிச்சுவர் வரை செல்கிறதா, அல்லது ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளேயே முடிந்துவிடுகிறதா என்பது ஒன்று, மூடிய கதவின் அடியில் காற்று உள்ளே வர இடைவெளி இருக்கிறதா என்பது மற்றொன்று. உள்ளே வரும் வழி இல்லாத அறையிலிருந்து எந்த விசிறியாலும் காற்றை இழுக்க முடியாது. குளித்து முடித்ததும் கண்ணாடியிலும் சுவரிலும் உள்ள நீரை ரப்பர் பட்டையால் வடிகாலுக்கு வழித்துவிட்டால் விசிறி உலர்த்த வேண்டிய அளவும் வெகுவாகக் குறையும்.

சன்னல் உள்ள பழைய வீவக வீடுகளில் அதைப் பகலில் திறந்து வைப்பதே போதுமானது. மழை பெய்யும் நேரத்திலும் விடியலிலும் திறந்து வைப்பதால் உலர்வு அதிகரிக்காது. நண்பகலுக்குப் பின் மாலை வரையிலான நேரமே பயன் தருவது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பல நாள் அந்த நேரமும் கிடைக்காது. அப்போது குளியலறையில் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து வைத்துக் கூடத்து மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வைத்தால், விலையுயர்ந்த எந்தப் பூச்சும் இல்லாமலேயே சிலிகோன் கோடுகள் வெண்மையாக இருக்கும்.